மெகாவாட்டும் யூனிட்டும்

2025 ஜூலை நடுவில் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரு செய்தி வந்தது. நாட்டின் மின் நிலையங்களுடைய மொத்த நிறுவு திறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் டீசலும் இல்லாத வழிகளுக்கு வந்துவிட்டதாம். சுமார் 485 ஜிகாவாட்டில் 243 ஜிகாவாட். பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2030-க்குள் எட்டுவதாக நாம் எழுதிக் கொடுத்த இலக்கு இது. ஐந்து வருடம் முந்தியே எட்டியாயிற்று.

மறுநாள் காலையில் சாயாக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. பால்வெட்டு முடித்துவிட்டு வந்திருந்த ஒருவர் பேப்பரை என் பக்கம் நீட்டினார்.

"சாரே, பாதி கரண்டு இப்ப கரி இல்லாம வருதுண்ணு போட்டிருக்கான். உள்ளதா?"

முப்பத்தாறு வருடம் மின்துறையில் வேலை பார்த்துவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றவன் நான். திருவட்டாறில் கரண்டு போனாலும் என்னிடம்தான் கேட்பார்கள், வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். பத்திரிகையில் போட்டது பொய் இல்லை. ஆனால் அவர் புரிந்துகொண்டதும் சரியில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்து, அவர் தொழிலிலிருந்தே ஆரம்பித்தேன்.

"உனக்க வெட்டுல எத்தன மரம் உண்டு?"

"முந்நூத்தம்பது."

"அப்போ தெனமும் முந்நூத்தம்பது மரத்துப் பாலும் வருமா?"

"அதெப்பிடி? மழை பெஞ்சா ஏது வெட்டு? இலை உதிருற காலத்துல சும்மாதானே இருக்கோம்."

அவ்வளவுதான் விஷயம். மெகாவாட் என்பது மரத்தின் எண்ணிக்கை. யூனிட் என்பது கிடைத்த பால். ஒரு மெகாவாட் அனல் நிலையம், நம் நாட்டு சராசரிப்படி ஓடினால், ஒரு நாளைக்குப் பதினாறாயிரம் யூனிட்டை ஒட்டிக் கொடுக்கும். அதே ஒரு மெகாவாட் சூரியத் தகடு நல்ல இடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் யூனிட்தான் கொடுக்கும். அதுவும் பகலில் மட்டும். பேப்பரில் இரண்டும் ஒரே ஒரு மெகாவாட். அதனால்தான் திறனில் பாதி வந்துவிட்டபோதும், நாடு வருடம் முழுவதும் எரிக்கிற யூனிட்டில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது.

"அப்போ நம்மள பறஞ்சு ஏமாத்துகானா?" என்றார்.

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். நாம் வாக்குக் கொடுத்ததே திறன் கணக்கில்தான். ஆனால் ஒரு நாட்டின் கொள்கையை மரத்தை எண்ணிப் பார்த்துப் பாராட்டக் கூடாது, பாலை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வேலைக் காலம் முழுவதும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1982-ல் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் போட்டது கோதையாற்றில். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள்ளே இருக்கிற நீர் மின் நிலையம். முதல் நிலையம் 60 மெகாவாட், இரண்டாவது 40. அங்கிருந்து மேல் கோதையாறுக்கு வின்ச்சில் போக வேண்டும். முதல் தடவை ஏறினபோது கண்ணை மூடிக்கொண்டேன். மழைக்காலத்தில் அட்டைக் கடி வேறு. அந்த நிலையத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மேலிருந்து விழுந்து கரண்டு கொடுத்த அதே தண்ணீர், அடுத்த நிலையத்திலும் வேலை செய்து, பிறகு பேச்சிப்பாறை அணைக்குப் போய், அங்கிருந்து கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் வயலுக்குப் போகும். ஒரே தண்ணீருக்கு மூன்று வேலை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் போன் வரும். "மெஷினை எடு" என்பார்கள். சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். அனல் நிலையத்தில் ஆறின பாய்லரைச் சூடாக்கி யந்திரத்தைக் கொண்டுவர மணிக்கணக்காகும். தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவு கொடுப்பதற்கு ஒரு தனி விலை உண்டு என்பது அங்கேதான் புத்தியில் ஏறியது. நூறு மெகாவாட் என்பது பெரிய எண் இல்லை. ஆனால் மாலை ஏழு மணி நூறு மெகாவாட்டுக்கும் மதியம் பன்னிரண்டு மணி நூறு மெகாவாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

பிறகு தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழி பக்கம் மாற்றல். நம்மவர்களுக்குத் தெரியும், அந்தக் கணவாயில் இடவம், மிதுனம் வந்தால் சைக்கிளில் போகிறவனைத் தள்ளிவிடும் காற்று. மலைத்தொடரில் அந்த இடத்தில்தான் வாசல் திறந்திருக்கிறது. தென்மேற்குக் காற்று முழுவதும் அந்த வழியாக நுழைந்து முப்பந்தல், பணகுடி பக்கம் இறங்கும். என் சிறு வயதில் அது பனையும் உடையும் நின்ற காய்ந்த பூமி. யாரும் வாங்க ஆள் இல்லை. பத்து வருடத்தில் அங்கே திரும்பின பக்கமெல்லாம் காற்றாடிகள். இன்று அந்த வட்டாரத்தில் மட்டும் ஏறத்தாழ 1,500 மெகாவாட். தமிழ்நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கு மேல்.

இது எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? யாரும் பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று வரவில்லை. அப்போது ஒரு வருமான வரிச் சலுகை இருந்தது. ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வைத்தால், முழு ஒரு கோடியையும் முதல் வருடத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து மில்காரர்கள் வரிசையில் வந்தார்கள். கணக்கு வருடம் முடிவதற்குள் ஓடினதாகக் காட்ட வேண்டும் என்பதால் மார்ச் மாதத்தில் ஒரே அவசரமாக இருக்கும். மார்ச்சில் அங்கே பேருக்குத்தான் காற்று! யந்திரம் காற்றுக்காக நட்டதல்ல, வரிக்காக நட்டது என்று நாங்கள் கேலி பேசுவோம். எவ்வளவு யூனிட் கிடைக்கும் என்று பார்க்காமல் எவ்வளவு திறன் என்று பார்த்து வைத்ததால், நல்ல காற்று வரும் இடத்தில் 225, 250 கிலோவாட் குட்டி யந்திரங்கள் நெருக்கமாக நின்றுவிட்டன. இன்றைக்கு ஒரு யந்திரமே இரண்டு, மூன்று மெகாவாட் வருகிறது. பழையதைக் கழற்றிப் புதியது வைப்பதற்கு 2024-ல்தான் தமிழக அரசு தனிக் கொள்கை போட்டது. நிலமும் கம்பியும் நூறு பேர் கையில் சிதறிக் கிடக்கும்போது அது எளிதில் நடக்காது.

ஆனாலும் அந்த வரிச் சலுகையை நான் குறை சொல்ல மாட்டேன். பேராசையைக் கொண்டே ஒரு நல்ல காரியம் தொடங்கியது. ஆரல்வாய்மொழி, பணகுடிப் பையன்கள் எத்தனையோ பேர் காற்றாலையில் மெக்கானிக்காக, காவலாளாக, கிரேன் ஓட்டுகிறவர்களாக வாழ்ந்தார்கள். ஏழை நாட்டில் கொள்கை என்பது சுத்தமான வெள்ளை வேட்டி போல வராது.

காற்று வந்தது, யந்திரம் வந்தது, கம்பி வரவில்லை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012-ம் வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாத ஊர்கள் இருந்தன. அதே வருடம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா முழுவதும் இருண்டது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று கிரிட்டும் விழுந்தன. அறுபது கோடி ஜனங்கள் இருட்டில். ஜூலை கடைசி என்பது நம் கணவாயில் காற்று உச்சத்தில் நிற்கும் நேரம். ஆனால் தென்னாட்டு கிரிட் அப்போது வடக்கோடு ஒரே ஓட்டத்தில் இணைக்கப்படவில்லை. அதனால்தான் நாம் அன்று தப்பித்தோம் என்பதும் உண்மை. நம் காற்று அங்கே தாராளமாகப் போக வழியில்லை என்பதும் உண்மை. ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வந்து, 2013 டிசம்பர் 31-ம் தேதிதான் நாடு முழுவதும் ஒரே கிரிட் ஆயிற்று.

நம் மாநிலத்துக்குள்ளேயும் அதே கதைதான். முப்பந்தலில் காற்று நன்றாக அடிக்கும் நாளில் கம்பி தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலம் உண்டு. அது பத்திரிகையிலும் வந்த சங்கதி. அந்த நேரத்தில் நெல்லையில் ஒரு பகுதிக்கு மின்வெட்டும் இருக்கும். சுற்ற ஆயத்தமாக நிற்கிற யந்திரத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வந்த கரியை எரிப்பது என்றால் எப்படி இருக்கும்! மெகாவாட் கணக்கில் இது எதுவும் தெரியாது. யந்திரம் நிறுத்தி வைத்தாலும் அது 'நிறுவிய திறன்'தானே.

பணத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 2010-ல் மத்திய அரசு ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் வரி போட்டது, தூய எரிசக்திக்குச் செலவிட என்று. அது 2014-ல் 100, அடுத்த வருடம் 200, 2016-ல் 400 ரூபாயாக ஏறியது. கரியிடம் வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது. நல்ல யோசனை, உலகத்தில் பல பணக்கார நாடுகளே செய்யாத காரியம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த 400 ரூபாய் மாநிலங்களுக்கு வரி நஷ்ட ஈடு கொடுக்கும் கணக்குக்குப் போய்விட்டது. வரி நின்றது, நோக்கம் போனது. அந்தப் பணத்தில் எத்தனை கம்பி இழுத்திருக்கலாம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. லைன் வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன நினைப்பு வரும்?

2021 நவம்பர் 12, 13 தேதிகளை நம் மாவட்டக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஐப்பசி கடைசியில் அப்படி ஒரு மழை. கோதையாறும் பரளியாறும் கரை தாண்டி, மூவாற்றுமுகத்தில் இரண்டும் சேரும் இடம் ஒரே செம்மண் கடலாகக் கிடந்தது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றது. எங்கள் தெருவில் கரண்டு இல்லை.

அதே 13-ம் தேதிதான் கிளாஸ்கோவில் உலக நாடுகளின் பருவநிலை மாநாடு முடிந்தது. அங்கே தீர்மானத்தில் நிலக்கரியைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்று எழுதியிருந்ததை, கடைசி நேரத்தில் இந்தியா எழுந்து நின்று 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்ற வைத்தது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே கண் கலங்கினார். உலகப் பத்திரிகைகள் நம்மைத் திட்டின.

வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரன் நான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தியாவில் ஒரு ஆள் வருடத்துக்கு வெளியே விடுகிற கரியமிலவாயு சுமார் 2 டன். உலக சராசரி நாலரை டன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவர் 14 டன் பக்கம். தவிர, அந்தத் தீர்மானத்தில் நிலக்கரி மட்டும்தான் குறிவைக்கப்பட்டது. பணக்கார நாடுகள் ஓட்டுகிற எண்ணெயும் எரிவாயுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. 2020-க்குள் வருடம் பத்தாயிரம் கோடி டாலர் தருவதாக 2009-ல் கோபன்ஹேகனில் சொன்ன வாக்கையும் அவர்கள் நேரத்துக்குக் காப்பாற்றவில்லை. 2024-ல் பாகுவில் 2035-க்குள் முப்பதாயிரம் கோடி என்று முடித்தபோது, இந்தியா அந்த மேடையிலேயே ஆட்சேபித்தது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் உலகின் முதல் சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு, விருந்தளித்த சுவீடனைத் தவிர, அரசுத் தலைவராக நேரில் போன ஒரே ஆள் நம் இந்திரா காந்தி. வறுமையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுற்றுச்சூழலைப் பேச முடியாது என்ற வாதம் அன்றே வைக்கப்பட்டது. ஐம்பது வருடமாக நாம் சொல்வது ஒன்றுதான்.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு காணிக்காரர் குடியிருப்பு. என் வேலைக் காலத்தில் வெகு நாள் அங்கே கம்பி போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். அவர்கள் தலைக்கு மேலேதான் 60 மெகாவாட் நிலையத்தின் பெரிய கம்பி போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு முதல் பல்பு எரிவதைத் தடுத்து உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. 'குறைப்பது' என்ற வார்த்தை என்னைப் பொறுத்தவரை சரியான வார்த்தைதான்.

ஆனால் அவகாசம் கேட்டு வாங்கினவன் அந்த அவகாசத்தில் என்ன செய்கிறான் என்று கேட்க வேண்டாமா? 2070-ல் நிகர பூஜ்யம் என்று அதே கிளாஸ்கோவில் சொல்லியிருக்கிறோம். அன்று என் பேத்திக்கு வயது ஐம்பத்தொன்று. கடல் அதுவரை நமக்காகக் காத்திருக்காது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தபோது நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. ரப்பர் மரம் காற்றுக்குத் தாங்காது என்பது தெரியும். ஆனால் ஒரு தோட்டம் முழுவதும் கம்பியின் மேல் படுத்துக் கிடப்பதை அன்றுதான் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் கம்பங்கள் ஒடிந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளிகள் பள்ளிக்கூடத் தரையில் படுத்து, மரச்சீனியும் கட்டன்சாயாவும் சாப்பிட்டுக் கம்பம் நட்டார்கள். கடற்கரை ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவேயில்லை. ஒரு புயலைக் காட்டி இது வெப்பமயமாதலால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அரபிக்கடல் சூடேறி வருகிறது, அங்கே கடும் புயல்கள் கூடுகின்றன என்பதை விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் கடல் தண்ணீரின் சூட்டைப் பற்றி மீன்காரர்களும் சொல்கிறார்கள்.

என் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு இருக்கிறது. 2024 பிப்ரவரியில் பிரதமர் பெயரில் தொடங்கிய திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், முடிந்தவர்கள் வையுங்கள். நான் தினமும் எவ்வளவு யூனிட் என்று நோட்டில் எழுதுகிறேன் (பழக்கதோஷம்). கும்பம், மீனம் மாத வெயிலில் பன்னிரண்டு யூனிட் தாண்டும். கர்க்கடகத்து மழையில் சில நாள் மூன்று, நாலு. எந்த நாளானாலும் மாலை ஆறரைக்குப் பூஜ்யம். அப்புறம் என் வீட்டு மின்விசிறி ஓடுவது தூத்துக்குடி கரியிலோ கூடங்குளம் அணுவிலோதான். பகலில் எவ்வளவு தகடு பதித்தாலும் இந்த ஆறரை மணியைத் தாண்ட முடியாது. அதற்குத்தான் சேமிப்பு வேண்டும்.

பேட்டரி விலை இறங்கி வருகிறது. அதைவிடப் பழைய வழி ஒன்று உண்டு. கோவை மாவட்டத்தில் காடம்பாறை என்ற இடத்தில் 1980-களின் கடைசியிலிருந்து 400 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. கரண்டு மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றும். தட்டுப்பாடு நேரத்தில் அதையே விழவைத்துக் கரண்டு எடுக்கும். ஏற்றுவதற்குச் செலவாகும் கரண்டு, திரும்பக் கிடைப்பதைவிட அதிகம்தான். ஆனால் மதியம் வீணாகப் போகிற யூனிட் மாலை ஏழு மணிக்குக் கிடைத்தால் அது லாபம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி வேலை நடந்துவருகிறது. நம் மலைகளிலும் வைக்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது.

சாயாக்கடையில் இதைச் சொன்னதும், பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சூடாகிவிட்டார். அவருக்கு நாலு பறை வயல் இன்னும் மிச்சம். சுற்றிலும் எல்லாரும் ஏலாவை மூடி ரப்பரும் வாழையும் வைத்த பிறகும் நெல் போடுகிற மனுஷன்.

"மலையெல்லாம் பொட்டிச்சு லாரி லாரியா மலையாளத்துக்குக் கல்லு கொண்டு போயாச்சு. நாலுவழி ரோட்டுக்குக் குளத்தையும் நிரத்தியாச்சு. இனி மிச்சம் இருக்க காட்டையும் கரண்டுக்குக் குடுக்கணுமா? பசுமை மின்சாரம்ணு பேரு வச்சா மரம் தன்னால முளச்சிருமா?"

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது வனவிலங்கு சரணாலயம், காணிக்காரர்களின் இடம். நான் அவரிடம் சொன்னது இதுதான். புதிதாகக் காட்டை வெட்டி அணை கட்டுவதென்றால் நானும் எதிர்ப்பேன். ஏற்கெனவே தண்ணீர் நிற்கிற இரண்டு அணைகளுக்கு நடுவே, பழைய நிலையத்தின் பாதையிலேயே செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

"பேச்சிப்பாறைத் தண்ணிய ராத்திரி இறக்கி, மத்தியானம் ஏத்தி விளையாடினா, எனக்க கன்னிப்பூவுக்கு வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்?" என்றார்.

தண்ணீர் குறையாது சார், ஏறுவதும் இறங்குவதும் ஒரே தண்ணீர்தான் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குறையாது என்பது உன் கணக்கு, எனக்கு வேண்டியது தேதி என்றார். அதில் அவர் பக்கம்தான் சரி. 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டியது பாசனத்துக்கு. கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் திறக்கிற தேதியும் அளவும் முதலில், மிச்சத்தில்தான் மின்சாரம். அந்த வரியைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தானும் வருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். கூட்டம் என்றைக்கு என்று தெரிந்தால் இங்கே எழுதுகிறேன்.